பிறக்குமுன் இறந்த பிள்ளைகள்



வானொலியில் பேசுவதற்குப் பொருள்கள் பல உண்டு. இலக்கியம் பேசலாம், வானநூல் பேசலாம், உழவும் தொழிலும் பேசலாம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லிய குரலில் பேசப்படுவது. பல வீடுகளில் அப்படியும் பேசப்படாதது. கருவில் இருக்கும்போதே குழந்தையை இழந்த தாய் தந்தையரைப் பற்றியும், அவர்களுக்கு ஆறுதல் அளிக்கக் கத்தோலிக்கத் திருச்சபை எவ்வாறு மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது என்பதைப் பற்றியும் சொல்லப் போகிறேன். 'இது மாணவர்கள் கேட்கத் தக்கதா?' என்று என் நண்பர் ஒருவர் தயங்கினார். தக்கது என்றே நான் கருதுகிறேன். மருத்துவமனைக்குப் போன அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்த வீட்டில், ஒரு மூலையில் பள்ளிப் பிள்ளை ஒன்றும் உட்கார்ந்திருக்கும். அதற்கு எவரும் எதுவும் சொல்வதில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படி உட்கார்ந்திருந்தவன்தான்.

1968ஆம் ஆண்டு. எனக்கு ஒன்பது வயது. தாமிரபரணிக்குத் தெற்கே பனங்காடு சூழ்ந்த ஒரு சிற்றூர் எங்களுடையது. அம்மாவுக்கு எட்டாம் மாதம். ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் மருத்துவச்சியை அழைத்து வந்தார்கள். எங்களைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள். நெடுநேரம் கழிந்தது. குழந்தையின் அழுகுரல் கேட்கவில்லை. பேச்சுக் குரல் மட்டும் கேட்டது. "மூச்சு இல்லையே, ஆச்சி. மூச்சு இல்லாத பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாதே" என்று மருத்துவச்சி என் பாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆபத்து வேளையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்க அவளுக்குத் தெரியும். அதற்குக் குருவானவர் வேண்டுவதில்லை, எவரும் கொடுக்கலாம். ஊரில் பல பிள்ளைகளுக்கு அவள் கொடுத்தும் இருக்கிறாள். அன்று அவள் கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது; ஆனால் ஊற்றவில்லை. பிறகு உபதேசியார் வந்தார். "உயிர்க்குறி ஏதாவது இருந்ததா?" என்று அவரும் அதையே கேட்டார். இல்லை என்றார்கள்.

அம்மாவின் பழஞ்சேலை ஒன்றைக் கிழித்துச் சுற்றி, ஓலைப்பெட்டி ஒன்றில் வைத்து, அப்பா அந்தக் குழந்தையைச் சுமந்து சென்றார். அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நான் பின்னே போனேன். கல்லறைத் தோட்டத்து வாயிலை நாங்கள் தாண்டிப் போனோம், உள்ளே நுழையவில்லை. மதிலை ஒட்டிச் சுற்றிக்கொண்டு மேற்குப் புறத்தில் நின்ற வேப்ப மரத்தடிக்கு வந்தோம். அங்கே அப்பா குழி வெட்டினார். துக்கமணி அடிக்கவில்லை, செபம் இல்லை, சிலுவையும் நடவில்லை. "அம்மாவிடம் இடத்தைச் சொல்லாதே" என்று மட்டும் சொன்னார். நான் சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, தாத்தாவின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிய பின் மேற்கு மதிலருகே சென்று சிறிது நேரம் நிற்பாள். கையில் ஒரு மெழுகுதிரி மீதி இருக்கும். அதை ஏற்றாமலே வீட்டுக்குக் கொண்டு வருவாள்.

இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இருந்ததில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பங்குச் சாமியார் மிக நல்லவர். மறுநாள் வந்து எங்கள் திண்ணையில் ஒரு மணி நேரம் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கையைக் கட்டியது சட்டம். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி ஞானஸ்நானம் பெறாதவர்க்குத் திருச்சபை அடக்கம் கிடையாது. மந்திரித்த நிலத்திற்குப் புறம்பாக வேறோர் இடத்தில்தான் அவர்களைப் புதைக்க வேண்டும்.

அச்சட்டத்தின் பின்னே நெடிய வரலாறு ஒன்று இருக்கிறது. ஞானஸ்நானம் இன்றி மீட்பு இல்லை என்பது பழைய போதனை. அப்படியானால் ஒரு பாவமும் செய்யாமல், ஞானஸ்நானமும் பெறாமல் இறந்த சிசு எங்கே போகும்? ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீன் இவ்வினாவுக்குக் கடுமையான விடை கூறினார்: தண்டனை உண்டு, ஆனால் அது மிக மிக மென்மையானது என்றார். பிற்கால அறிஞர்களுக்கு அதுவும் பொறுக்கவில்லை. துன்பம் சிறிதும் இல்லாத, ஆனால் கடவுளின் நேர்க்காட்சியும் இல்லாத ஒரு நிலையை அவர்கள் எண்ணினார்கள். அதற்கு 'லிம்போ' என்று பெயர் வந்தது. 'லிம்புஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்கு ஓரம், கரை என்று பொருள். நம்முடைய 'விளிம்பு' என்ற சொல்லோடு அது ஒலிக்கிறது. தற்செயலான ஒற்றுமைதான், மொழிநூலார் என்மேல் சினம் கொள்ள வேண்டா. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ், அக்குழந்தைகள் அங்கே இயற்கையான இன்பத்தோடு இருப்பார்கள் என்று விளக்கினார். லிம்போ ஒருபோதும் விசுவாச சத்தியமாக அறிக்கையிடப்பட்டதில்லை. அறிஞர்களின் கருத்தாகவே இருந்தது. ஆயினும் மறைக்கல்வி வகுப்பில் அது உண்மை என்றே கற்பிக்கப்பட்டது. எங்களுக்கும் அப்படித்தான் கற்பித்தார்கள். அறிவாளிகள் இரக்கத்தோடு வரைந்த அந்த விளிம்பு, சிற்றூரில் ஒரு மதிலாக வந்து நின்றது.

எங்கள் ஊரில் நடந்தது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததன்று. அயர்லாந்து நாட்டில் 'கில்லீன்' எனப்படும் சிறு புதைநிலங்கள் இன்றும் காணப்படுகின்றன. 'சிறு கோயில்' என்பது அச்சொல்லின் பொருள். கால்வே, மேயோ, கெரி முதலிய மேற்குப் பகுதிகளில் இவை மிகுதி. பாழடைந்த பழங்கோயில்களின் முற்றத்திலும், பண்டைக் காலத்து வட்டக் கோட்டைகளுக்குள்ளும், ஊர் எல்லைகளிலும், கடற்கரை மேடுகளிலும் ஞானஸ்நானம் பெறாத சிசுக்களைப் புதைத்தார்கள். பெரும்பாலும் இரவு நேரத்தில், பெரும்பாலும் தந்தையே சுமந்து சென்று புதைப்பது வழக்கம். அடையாளத்துக்குச் சிறு கல் ஒன்று வைப்பார்கள். சில இடங்களில் வெண்ணிறப் படிகக் கற்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் இப்பழக்கம் நீடித்தது. இதைப் பற்றி முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்துபோனேன். எங்கள் அப்பாவின் அரிக்கேன் விளக்கு கண்முன் வந்தது.

சுவிட்சர்லாந்தில் ஓபர்பூரன் என்ற ஊரில் பதினைந்தாம் நூற்றாண்டில் மரியன்னை திருத்தலம் ஒன்று இருந்தது. இறந்து பிறந்த குழந்தைகளைப் பெற்றோர் அங்கே தூக்கி வருவார்கள். கணப்பின் அருகே சூடேற்றி, உதட்டின்மேல் ஓர் இறகை வைப்பார்கள். வெப்பக் காற்றில் இறகு அசைந்தால் உயிர் வந்தது என்று கொண்டு, அந்தக் கணமே ஞானஸ்நானம் கொடுத்து, மந்திரித்த நிலத்தில் புதைப்பார்கள். 1486ஆம் ஆண்டில் அப்பகுதி ஆயர் இதைக் கண்டித்து உரோமைக்கு எழுதினார். ஏறத்தாழ 2,000 குழந்தைகள் அங்கே கொண்டு வரப்பட்டதாக அக்கடிதம் கூறுகிறது. 1528இல் சீர்திருத்த சபையினர் அத்திருத்தலத்தை ஒழித்தனர். 1990களில் தொல்லியலார் அவ்விடத்தை அகழ்ந்தபோது ஏறக்குறைய 250 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன. அதனை மூடநம்பிக்கை என்று நகைப்பது நமக்கு எளிது. அந்த இறகைப் பார்த்துக்கொண்டிருந்த தாயின் கண்களை நினைத்தால் எனக்கு நகைப்பு வருவதில்லை.

மாற்றம் எப்போது வந்தது? எங்கள் வீட்டுத் துயரம் நடந்த மறு ஆண்டே, 1969 ஆகஸ்ட் 15ஆம் நாள், உரோமை புதிய அடக்கச் சடங்கு முறையை வெளியிட்டது. பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க விரும்பியிருந்து, அதற்குமுன் குழந்தை இறந்துவிட்டால், ஆயரின் அனுமதியோடு திருச்சபை அடக்கம் செய்யலாம் என்று அது கூறியது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அதனைச் சட்டமாகவே ஆக்கியது. 1992இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடு, இக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைப்பதைத் தவிரத் திருச்சபை வேறொன்றும் செய்ய இயலாது என்று பணிவோடு சொல்லிற்று. லிம்போவைக் குறிப்பிடவே இல்லை. கடைசியாக 2007 ஏப்ரலில், திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டின் இசைவோடு, பன்னாட்டு இறையியல் குழு ஒரு நெடிய ஆய்வை வெளியிட்டது. ஞானஸ்நானம் இன்றி இறக்கும் சிசுக்கள் மீட்படைவர் என்று நம்புவதற்குத் தகுந்த காரணங்கள் உண்டு என்பது அதன் முடிவு. உறுதியாகத் தெரியும் என்று அது சொல்லவில்லை. நம்பலாம் என்று சொல்லிற்று. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

செய்தி நாளிதழில் வந்த அன்று நான் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு எழுபது கடந்துவிட்டது. முற்றத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். செய்தியை முழுதும் படித்துக் காட்டினேன். அரிவாள்மணையை விட்டுக் கை எடுக்காமலே கேட்டாள். முடிந்ததும், "இதைச் சொல்ல இத்தனை வருஷமா ஆச்சு?" என்றாள். நான் ஏதோ விளக்கத் தொடங்கினேன், தலைமையாசிரியன் அல்லவா! அவள் அதைக் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, "நான் அவனுக்குச் சூசை என்று பெயர் வைத்திருந்தேன். உங்கள் அப்பாவிடம் கூடச் சொன்னதில்லை" என்றாள். முப்பத்தொன்பது ஆண்டுகளாக அந்தப் பெயரை அவள் மனத்துக்குள் வைத்திருந்திருக்கிறாள்.

இனி உடலியல் செய்தி சிலவற்றைச் சொல்ல வேண்டும். தெரியவந்த கருக்களில் ஏறத்தாழ 100க்கு 10 முதல் 15 வரை, முதல் மாதங்களிலேயே சிதைந்துவிடுகின்றன. அவற்றுள் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், கரு உருவாகும்போதே குரோமோசோம்களின் எண்ணிக்கையில் நேரும் பிழை. தாய் குடம் தூக்கியதாலோ, உச்சி வேளையில் வெளியே போனதாலோ, எவரேனும் கண்வைத்ததாலோ அப்படி நேர்வதில்லை. ஏழு மாதத்துக்கு மேல் வளர்ந்து உயிரின்றிப் பிறக்கும் குழந்தைகள் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 19 இலட்சம். அவற்றுள் பலவற்றைத் தக்க மருத்துவம் காப்பாற்றியிருக்கும். தாயின் மேல் பழி சுமத்தும் பேச்சு உங்கள் வீட்டில் எழுந்தால், அறிவியல் படித்தவர்கள் என்ற முறையில் நீங்கள் மறுத்துப் பேசலாம்.

சட்டம் மாறியது ஆறுதலில் ஒரு பாதிதான். மறு பாதியை மக்கள் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டியிருந்தது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், பிரான்சிஸ்கு சபைக் கன்னியர் நடத்திய புனித யோவான் மருத்துவமனையில், ஜேன் மேரி லாம் என்ற கன்னியர் ஆன்ம ஆறுதல் பணியில் இருந்தார். அக்கால மருத்துவமனைகளில் இறந்து பிறந்த குழந்தையைத் தாய் காணுமுன் எடுத்துப் போய்விடுவார்கள். காணாவிட்டால் விரைவில் மறந்துவிடுவாள் என்பது எண்ணம். தாய்மார் மறக்கவில்லை என்பதை அக்கன்னியர் கண்டார். 1977இல், குழந்தையை இழந்த பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு 'ஷேர்' என்ற ஆறுதல் குழுவைத் தொடங்கினார். 'பகிர்ந்துகொள்' என்பது அதன் பொருள். பெற்றோர்கள் கூடி உட்கார்ந்து தங்கள் குழந்தையைப் பற்றிப் பேசுவார்கள், பிறர் கேட்பார்கள். செய்தது இவ்வளவே. எந்தச் சமயத்தவரும் வரலாம். அது பல ஊர்களுக்கும் பரவியது. 1989இல் அமெரிக்க ஆயர்கள் வெளியிட்ட ஆசியுரை நூலில், கருச்சிதைவுற்ற பெற்றோருக்கு ஆசி வழங்கும் தனிச் சடங்கே இடம்பெற்றது. பெற்றோர் என்று அங்கே அவர்கள் அழைக்கப்படுவதைக் கவனியுங்கள். பிள்ளை இருந்தால்தானே பெற்றோர்?

இன்னொரு துயரமும் உண்டு. அது நம் காலத்துக் கருவிகள் கொண்டு வந்தது. முன்பு பிறக்கும் வரையில் தெரியாதிருந்த குறை, இன்று ஐந்தாம் மாதத்து ஒலியலைப் படத்தில் தெரிந்துவிடுகிறது. மூளையும் மண்டையோட்டின் மேற்பகுதியும் வளராத குழந்தை, பிறந்தால் சில மணி நேரமோ சில நாளோதான் வாழும். 18ஆம் குரோமோசோம் மூன்றாக அமைந்த குழந்தைகளில் பெரும்பாலானவை முதலாண்டைத் தாண்டுவதில்லை. இதைக் கேட்டுவிட்டு வெளியே வரும் பெற்றோரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கருவைக் கலைத்தல் ஆகாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் உறுதியான போதனை. அதனை ஏற்காதவர் பலர் உண்டு. இங்கே அந்த வழக்குக்குள் நான் புகவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். சுமந்து பெறு என்று ஒரு தாயிடம் சொல்பவர்கள், சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாகாது. எஞ்சிய மாதங்களிலும், பிரசவ அறையிலும், அடக்கத்திலும், அதற்குப் பின்னரும் உடன் இருக்க வேண்டும். பல ஆண்டுகளாகத் திருச்சபையினரிடம் முதற்பாதி உரக்கக் கேட்டது. பிற்பாதி மெல்லத்தான் கேட்டது.

இப்பிற்பாதிக்கு ஒரு முறைமை 1990களில் உருவாயிற்று. இறக்கும் நிலையில் உள்ள முதியோரை வலியின்றிப் பேணும் இல்லங்களைப் போலவே, பிறக்கப் போகும் இக்குழந்தைகளுக்கும் அரவணைப்பு மருத்துவம் வேண்டும் என்று பைரன் கால்ஹூன் முதலிய அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். நடைமுறை இதுதான். பிரசவத்துக்கு முன்பே பெற்றோரோடு அமர்ந்து, என்ன நேரும் என்பதை மறைக்காமல் சொல்வார்கள். பிறந்ததும் என்னென்ன செய்ய வேண்டும், என்னென்ன செய்ய வேண்டா என்று எழுதி வைத்துக்கொள்வார்கள். பயனற்ற குழாய்களும் ஊசிகளும் இல்லை. வலி இருந்தால் தணிக்க மருந்து உண்டு. குழந்தையைத் துடைத்து, தைத்து வைத்த சட்டையை அணிவித்து, அம்மாவின் மார்போடு வைப்பார்கள். விரும்பினால் அங்கேயே ஞானஸ்நானம். பாட்டி, தாத்தா, அண்ணன், அக்காள் எல்லாரும் உள்ளே வரலாம். புகைப்படம் எடுப்பார்கள்; மை தடவிக் காலடியைத் தாளில் பதிப்பார்கள். அந்தத் தாளைப் பல ஆண்டு கழித்தும் பெற்றோர் எடுத்துப் பார்க்கிறார்கள். உரோமையில் உள்ள ஜெமெல்லி மருத்துவமனையில் இதற்கென ஒரு பிரிவு நடக்கிறது. 2019 மே மாதம் உரோமையில் கூடிய மாநாட்டில் திருத்தந்தை பிரான்சிஸ் இத்தகைய பேணுதலைப் பாராட்டிப் பேசினார்.

அடுத்து, ஆறுதல் என்று எண்ணி நாம் சொல்லும் சில சொற்கள். "போனது போகட்டும், இன்னொன்று பிறக்கும்." "சின்னக் கருதானே." கத்தோலிக்க வீடுகளில் இன்னொன்று சொல்வார்கள்: "ஆண்டவருக்கு ஒரு சம்மனசு வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டார்." மனிதர் இறந்து சம்மனசு ஆவதில்லை என்பது அவர்கள் மறைக்கல்வியே, அது கிடக்கட்டும். தன் பிள்ளையை எடுத்துக்கொண்டவர் கடவுள் என்று கேட்கும் தாய் அப்புறம் யாரிடம் போய்ச் செபிப்பாள்?

பிறருக்குச் சொல்லும் நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியனாய் இருந்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை. வந்த பிறகும் வீட்டுப் பாடம் எழுதவில்லை. அவளை என் அறைக்கு அழைத்துக் கடிந்துகொண்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மாவுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை இறந்து பிறந்தது என்றும், வீட்டுச் சமையல் முழுதும் அவள்தான் என்றும் வகுப்பாசிரியை பிறகு சொன்னார். வேப்ப மரத்தடியில் விளக்குப் பிடித்தவனுக்கே அந்த முகம் அடையாளம் தெரியவில்லை. மறுநாள் அவளை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "தம்பியா, தங்கையா?" என்று கேட்டேன். "தங்கச்சி, சார்" என்று சொல்லிவிட்டு, அதுவரை அழாதவள் அழுதாள். உங்கள் தோழன் வீட்டிலோ தோழி வீட்டிலோ இப்படி நேர்ந்தால் நீங்களும் அப்படிக் கேளுங்கள். பேரென்ன என்று கேளுங்கள். அவள் அம்மா சொல்லத் தொடங்கினால் இடைமறிக்காமல் கேளுங்கள். சமைத்த சோறு ஒரு தூக்கில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல், 1990களில் மேற்கு மதிலை இடித்து அப்பால் தள்ளிக் கட்டினார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று; வேப்ப மரம் உள்ளே வந்துவிட்டது. அம்மா 2014இல் காலமானாள். அவளை அடக்கம் செய்த இடத்திலிருந்து மரம் பத்தடி தூரம். அவ்வாண்டே மரத்தடியில் சிறு கல் ஒன்று நட ஏற்பாடு செய்தேன். பங்குத்தந்தை வந்து மந்திரித்தார். கல்லில் எழுத்து வெட்டியவர் 'சூசை' என்று வெட்டிவிட்டு, நான் கொடுத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயா, ஒரு தேதிதான் இருக்கிறது. பிறந்ததா, இறந்ததா?" என்று கேட்டார். இரண்டும் அதுதான் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு உளியை எடுத்தார்.